அடுப்படிக்குக் கேட்கும் தூரம்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கவர்மென்ட் குடுத்ததா?" என்றுதான்.

சிதம்பரத்தில் பள்ளிப்படைப் பக்கம், ஒன்றே கால் சென்ட் மனையில் அண்ணன் வாங்கிய வீடு. ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும். ஒரு ஹால், ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. தேவனாம்பட்டினத்தில் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளைப் பார்த்தவர்கள் அந்த ஞாபகத்தில் கேட்பார்கள். மற்றவர்கள் தொகுப்பு வீடு என்று நினைப்பார்கள். பேங்க் லோன் போட்டு வாங்கினோம் என்று அம்மா சொன்னால், "காசு குடுத்தா இத வாங்குனீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அம்மாவிடம் பதில் இருந்ததில்லை.

எனக்குத் தெரியும் அந்தப் பதில். ஆனால் நான் வெளியாட்கள் முன்னால் பேசுகிறவள் இல்லை.

அப்பா இறந்த பிறகு வாடகை வீடுகளில் இருந்தோம். ஒரு ஓனர் எட்டு மணிக்கு மேல் மோட்டார் போட விடமாட்டார். இன்னொருவர், சுவரில் ஆணி அடித்தால் அட்வான்ஸில் கழிப்பேன் என்று முதல் நாளே சொன்னார். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் அம்மா காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்தாள். அப்புறம் பை மாட்ட ஒன்று. அப்புறம் எதுவும் மாட்டாமலே இன்னும் இரண்டு. அண்ணன் பார்த்துவிட்டுச் சுத்தியலைத் துடைத்து உள்ளே வைத்தான்.

அண்ணன் பெயர் கார்த்திகேசன். மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். நான் அறிவுமதி, எம்.எஸ்.சி. இயற்பியல், ஒரு தனியார் பள்ளியில் லேப் அசிஸ்டெண்ட். அண்ணனுக்கு இரண்டு வருடமாகப் பெண் பார்த்தோம். பெண்ணையும் பையனையும் பிடித்து, ஜாதகமும் பொருந்தி, கடைசியில் மாப்பிள்ளை வீடு பார்க்க வரும்போதுதான் நின்றுபோகும்.

எங்கள் பக்கம் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வீடு பார்க்க வரும் பெண் வீட்டார், சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள். ஒரு வாய் சாப்பிட்டால் போதும், பேச்சு முடிந்தது. பிடிக்கவில்லையென்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல், "போய் பேசிட்டு சொல்றோம்" என்று எழுந்துகொள்வார்கள். யாரும் யாரையும் நோகடிக்க வேண்டியதில்லை. இரண்டு குடும்பங்கள் அப்படி எழுந்து போயின. இரண்டு முறையும் அம்மா வடை பாயசத்தோடு சமைத்திருந்தாள். அதை நாங்களே மறுநாளும் சாப்பிட்டோம். இரண்டாம் முறை, சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் சொன்னான், "இனிமே யாரும் பாக்க வேணாம்மா."

மூன்றாவதாக வந்தது குறிஞ்சிப்பாடி கயல்விழி. பிரைமரி ஸ்கூல் டீச்சர். அண்ணன் அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சில நாள் கழித்து அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்: எக்ஸ்ரே எடுக்கும்போது ஒரு பெரியவரிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துவிட்டானாம். அவர் கண்ணை உருட்டிக்கொண்டு அப்படியே நின்றாராம். அம்மாவும் சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் நின்றுகொண்டாள். இந்த இடமும் வீட்டால் போய்விடக் கூடாது என்று அவள் நினைத்தது எனக்குக் கேட்காமலே தெரிந்தது.

அதனால்தான் மாமா சொன்னதற்கு ஒத்துக்கொண்டாள்.

உத்திராபதி மாமா அம்மாவின் அண்ணன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. சிங்கப்பூரில் இருந்து சம்பாதித்துக் கட்டியது, மூன்று தளம். மாமாவுக்கும் அத்தைக்கும் மூட்டு வலி. அதனால் இருவரும் கீழே ஒரே அறையில் இருக்கிறார்கள். மேலே இரண்டு தளமும் பூட்டியே கிடக்கும்.

"தங்கம், இந்தத் தடவ என் வூட்டுக்கு வரச் சொல்லிடலாம்" என்றார் மாமா போனில். "தாய்மாமன் வூடு. தப்பா என்ன? இங்கயே கை நனைக்கட்டும். சிதம்பரத்துல ஒரு சின்ன வூடு இருக்குதுன்னு அப்பறமா சொல்லிக்கலாம்."

"சின்ன வூடுன்னு சொல்லாதண்ணே, வேற மாதிரி நெனச்சிக்கப் போறாங்க" என்றாள் அம்மா.

மாமா வெகுநேரம் சிரித்தார். அண்ணனிடம் கேட்டபோது, "பொய் சொல்ல மாட்டேன். கேட்டா உள்ளதச் சொல்லுவேன்" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை குறிஞ்சிப்பாடியிலிருந்து வேன் வந்தது. பெண்ணின் அப்பா பழனிவேல், அம்மா கொளஞ்சி, பழனிவேலின் அண்ணன் செந்தமிழ்செல்வன், சொந்தக்காரர்கள் சிலர். செந்தமிழ்செல்வனின் பேத்தி, நாலு வயதுப் பெண் குழந்தை, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டே இறங்கியது. பேச்சு எல்லாம் செந்தமிழ்செல்வனுடையதுதான். கூட்டுக் குடும்பம். அவர்தான் பெரியவர். பழனிவேல் தன் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார். கொளஞ்சி பெண்களோடு பின்னால் நின்றார்.

"வூடுன்னா இது வூடு" என்றார் செந்தமிழ்செல்வன், படிக்கட்டின் கிரானைட்டைத் தடவி. "மாப்ள ரூமு எது?"

மாமா தொண்டையைச் செருமினார். "மேல... மேல எது வேணா எடுத்துக்கலாம்."

"எடுத்துக்கலாமா? இப்ப எங்க படுக்குறாரு?"

மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எழுந்து நின்றான்.

"எங்க வூடு சிதம்பரத்துல இருக்குதுங்க. இது எங்க மாமா வூடு."

செந்தமிழ்செல்வன் கிரானைட்டிலிருந்து கையை எடுத்தார்.

"என்னா உத்திராபதி," என்றார் செந்தமிழ்செல்வன், "நாங்க பொண்ண உனக்கா குடுக்கப் போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் காது சிவந்துவிட்டது. "மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் போயி பாக்கலாம். எல்லாம் ரெடியா இருக்குது" என்றார்.

"மாப்ள வூட்டப் பாக்காம எப்படிப்பா கை நனைக்கிறது? போயிட்டு வந்துடுறோம்."

அத்தை விடியற்காலையிலிருந்து சமைத்திருந்தார். பெரிய அண்டாவில் சாம்பார், தூக்க முடியாத தவலையில் பாயசம். அதைக் காரில் ஏற்றலாமா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். மாமா ரோஷத்தில் இருந்தார். "இங்க ஆக்குனத அங்க தூக்கிட்டு ஓடறதா? புடிச்சா அவுங்களே திரும்பி வந்து சாப்புடட்டும்." வேன் முன்னால் போக, நாங்கள் மாமா காரில் பின்னால் போனோம். வழி முழுவதும் அம்மா கைக்குட்டையை மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தாள்.

சிதம்பரம் வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது.

வேனிலிருந்து இறங்கியவர்கள் எங்கள் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்கள். எது வீடு என்று கேட்கவில்லை. அண்ணன் போய்ப் பூட்டைத் திறந்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வர முடியவில்லை. ஆண்கள் ஹாலில் உட்கார்ந்ததும் இடம் முடிந்தது. இரண்டு பேர் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றார்கள். அதில் மாமாவும் ஒருவர்.

"கவர்மென்ட் குடுத்ததா தம்பி?" என்றார் செந்தமிழ்செல்வன்.

"இல்லீங்க, வாங்குனது."

"ஓ."

அந்த 'ஓ' எங்களுக்குப் பழக்கமானது.

கொளஞ்சி என்னிடம், "வூட்டக் காட்டு பாப்பா" என்றார். காட்ட அதிக நேரம் ஆகாது. அறையைக் காட்டினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் நடக்கலாம். சுவரிலேயே அலமாரி. அவர் கதவைப் பார்த்தார்.

"கயலுக்குன்னு பீரோ வாங்கி வச்சிருக்கேன். அவ காலேஜ் போறப்பவே. கண்ணாடி வச்சது. இந்தக் கதவுல நொழையாதில்ல?"

கதவின் அகலம் எனக்குத் தெரியும். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். "நொழையாதுங்க" என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். நாங்கள் இருவரும் உள்ளே நின்றோம். ஹாலில் பேசுவது மங்கலாகக் கேட்டது. அவர் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டார்.

"நல்லா விழுது" என்றார். பிறகு, "இந்த ரூமு அவுங்களுக்கு. நீ எங்க படுப்ப?"

இதுவரை வந்தவர்களில் யாரும் என்னைப் பற்றிக் கேட்டதில்லை.

"ஹால்லதான். நானும் அம்மாவும். இப்பயும் அங்கதான்."

"கஷ்டமா இல்ல?"

"இல்லீங்க. ஃபேன் கீழ எடம்னு சண்ட போடுவோம். அம்மாதான் ஜெயிப்பாங்க."

கொளஞ்சி சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும்போது அவர் வேறு ஆளாகத் தெரிந்தார். "எங்க வூட்ல கதவு நெறைய இருக்குது. நான் வாக்கப்பட்டு வந்து எந்தக் கதவுக்கும் தாப்பா போட்டதில்ல. யாரு எப்ப வருவாங்கன்னு தெரியாதுல்ல" என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வழி சொல்வதுபோலச் சொன்னார்.

நாங்கள் வெளியே வந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. பசி. மாமா வீட்டில் பாயசத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த குழந்தை அது.

"கொழந்தைக்கு எதாச்சும் குடு தங்கச்சி" என்றார் செந்தமிழ்செல்வன் அம்மாவிடம். "கொழந்த சாப்புட்டா கணக்குல வராது."

அம்மா திகைத்து நின்றாள். கடலூரில் அவ்வளவு சமைத்துவிட்டு இங்கே வீட்டில் ஒன்றுமே இல்லை. ஃபிரிட்ஜில் தோசை மாவு இருந்தது. சட்னிக்குத் தேங்காய் இல்லை. இட்லிப் பொடி இருந்தது. நான் அடுப்பைப் பற்றவைத்தேன். எங்கள் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே அரைச் சுவர்தான். அதன்மேல் ஒரு கடப்பா கல். இந்தப் பக்கம் நின்று தோசையைத் திருப்பினால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் தட்டில் வைக்கலாம்.

முதல் தோசையைக் கல்லிலிருந்து எடுத்து நேராகக் குழந்தையின் தட்டில் போட்டேன். ஆவி பறந்தது. அது ஊதி ஊதித் தின்றது. இன்னொன்று கேட்டது. தோசை வாசனை அந்த ஹால் முழுக்க நிறைய ஒரு நிமிடம் போதும். வாசலில் நின்ற மாமா எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன்.

"நவுரு பாப்பா, நான் ஊத்துறேன்" என்று கொளஞ்சி கரண்டியை வாங்கிக்கொண்டார்.

ஹாலில் செந்தமிழ்செல்வன் பேச ஆரம்பித்தார். நல்ல மனிதர்தான். குரலில் கோபம் இல்லை.

"தம்பி, உன்ன எங்களுக்குப் புடிச்சிருக்கு. மூடி மறைக்காம சொன்ன பாரு, அதுவும் புடிச்சிருக்கு. ஆனா எங்க பொண்ணு முன்கட்டு பின்கட்டுன்னு வளந்த பொண்ணு. ஊர்ல நாலு பேரு வந்து பாத்தா, என்னாய்யா தீப்பெட்டிக்குள்ள குடுத்துட்டன்னு என்னயத்தான் கேப்பான். ஒண்ணு பண்ணு. இத வித்துடு. ரெண்டு வருசம் போவட்டும், ஊருக்கு வெளியில பெருசா மன வாங்கிக் கட்டு. அப்ப பேசலாம்."

அண்ணன் தரையைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அம்மா சுவரோரம் நின்றிருந்தாள், அவள் அடித்த ஆணிகளுக்குக் கீழே.

"விக்க மாட்டேங்க" என்றான். "ரெண்டு வருசம் வாடகைக்குப் போணும். மறுபடியும் இவுங்கள அங்க கூட்டிட்டுப் போவ என்னால முடியாது. வூடு சின்னதுன்னு கயல்விழிகிட்டயும் சொல்லிட்டேன்."

"அது என்னா சொல்லுச்சு?"

"அம்மா பாத்துட்டு வந்து சொல்லட்டும்னாங்க."

"அம்மாவா?" செந்தமிழ்செல்வன் சிரித்தார். "அவளுக்கு என்னா தெரியும்? அப்ப சரி, நாங்க போயி பேசிட்டு..."

"பெரிய மாமா."

யார் கூப்பிட்டது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. கொளஞ்சி அடுப்பைப் பார்த்தபடியே நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய தூரமும் இல்லை.

"எனக்குப் புடிச்சிருக்குது மாமா."

ஹாலில் எல்லோரும் அரைச் சுவரைப் பார்த்தார்கள்.

"என்னாத்த புடிச்சிருக்குது? பீரோ வைக்கக்கூட எடம் இல்ல."

"பீரோவா கட்டிக்கப் போவுது? அது நம்ம வூட்லயே கெடக்கட்டும். எனக்கும் ஒண்ணு வேணும்தான்."

பழனிவேல் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கொளஞ்சி தோசையைத் திருப்பினார்.

"நம்ம வூட்ல அடுப்படி பின்கட்டுல இருக்குது மாமா. முன்னாடி என்னா பேசுறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சதே இல்ல. வெத்தல பாக்கு மாத்துன பெறவு வந்து சொல்லுவீங்க. பெரிய பொண்ணுக்கு அப்படித்தான் சொன்னீங்க. நான் கஞ்சி வடிச்சிக்கிட்டே கேட்டுக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னைக்கிதான் நீங்க பேசுனது எல்லாம் என் காதுல விழுந்துச்சு. அந்தப் புள்ள பேசுனதும் விழுந்துச்சு. இந்த வூட்ல என் பொண்ணு அடுப்பு முன்னாடி நின்னாலும் அவளுக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது."

செந்தமிழ்செல்வன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது கொளஞ்சி செய்ததைத்தான் அம்மா இன்னும் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கல்லில் இருந்த தோசையை எடுத்துத் தட்டில் போட்டார். குழாயைத் திறந்து வலது கையைக் கழுவினார். ஒரு விள்ளல் பிய்த்து, பொடியில் தொட்டு, நின்றபடியே வாயில் வைத்தார்.

வழக்கப்படி ஆண்கள் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் பெண்கள். சம்மதமும் அவர்கள் கையால்தான். பெண்ணைப் பெற்றவள் முதலில் கை நனைத்து நான் பார்த்ததில்லை. என் அம்மாவும் பார்த்ததில்லை. அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொளஞ்சி, என்னா பண்ற நீ?" என்றார் செந்தமிழ்செல்வன்.

"சாப்புடுறேன் மாமா."

அவர் தன் தம்பியைப் பார்த்தார். வழக்கமாகத் தலையாட்டும் தம்பி. பழனிவேல் இந்த முறை தன் அண்ணனைப் பார்க்கவில்லை. மெதுவாக எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி அரைச் சுவர்வரை வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். நான் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன்.

"எனக்கும் ஒண்ணு ஊத்து" என்றார் மனைவியிடம். "முறுகலா."

கொளஞ்சி மாவைக் கல்லில் பரப்பினார். தோசை வட்டமாக வரவில்லை. பழனிவேல் அதை நின்றுகொண்டே சாப்பிட்டார். இரண்டு விள்ளல் சாப்பிட்டபின், "சூடா இருக்குது" என்றார். "நம்ம வூட்ல முன்கட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள ஆறிடும்."

"அத இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் அடுப்படிக்கி வந்து சொன்னீங்களா?" என்றார் கொளஞ்சி.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும்.

செந்தமிழ்செல்வன் மட்டும் சிரிக்கவில்லை. பேத்தி மூன்றாவது தோசையில் இருந்தது. அதன் தட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டு, "தொட்டுக்க என்னா இருக்குது?" என்றார்.

"பொடிதான் மாமா" என்றேன். அவர்கள் எல்லோரும் இருக்கும்போது நான் பேசிய முதல் வார்த்தை அது.

"எண்ண ஜாஸ்தியா ஊத்து."

மாமா வாசலிலிருந்து, "அண்ணே, அங்க பாயசம் இருக்குதுண்ணே! வடையும் இருக்குது!" என்று கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"நீ போயி எடுத்துட்டு வா உத்திராபதி. உன் மூணு மாடியில எதுல வேணா வச்சு கொண்டா."

மாவு தீரும்வரை நானும் கொளஞ்சியும் மாறி மாறி ஊற்றினோம். வாசலில் இருந்தவர்கள் நின்றபடி சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் வெளியே போக, வெளியே இருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். மாமா கடைசியில் உட்கார்ந்து நாலு தோசை சாப்பிட்டார். அண்ணன் எதுவும் சாப்பிடவில்லை. தண்ணீர் ஊற்றுவதும் தட்டு எடுப்பதுமாக இருந்தான். ஒருமுறை சமையலறைப் பக்கம் வந்து, யாருக்கும் தெரியாமல் என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனான்.

வேன் போன பிறகு அம்மா ஹாலில் உட்கார்ந்தாள். பாத்திரம் கழுவப் போகாமல் உட்கார்ந்தே இருந்தாள். அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆறு மணி இருக்கும். என் போன் அடித்தது. புது எண். புது எண் என்றால் நான் எடுப்பதில்லை. அண்ணன் எட்டிப் பார்த்து, "எடு, கயல்விழி" என்றான். அவன் முகத்தைப் பார்த்து எடுத்தேன்.

"அறிவுமதியா? நான் கயல்." குரல் அவசரமாக இருந்தது. "அவுங்க எல்லாம் இன்னும் வரல. பெரியப்பா போன் பண்ணி, ஒங்கம்மா பேசிட்டான்னு மட்டும் சொன்னாரு. என்னா பேசுனாங்க எங்கம்மா?"

"புடிச்சிருக்குதுன்னு சொன்னாங்க."

"பெரியப்பாகிட்டயா? எங்கம்மாவா?"

"ஆமா."

"சத்தம் போட்டாங்களா? அழுதாங்களா?"

"இல்ல. தோச ஊத்திக்கிட்டே சொன்னாங்க. சாதாரணமாத்தான் சொன்னாங்க. எல்லாருக்கும் கேட்டுச்சு."

போன் நின்றுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை. மூச்சு விடுவது கேட்டது.

"மொதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் கயல்விழி. "அவுங்க என்ன வார்த்த சொன்னாங்களோ, அப்படியே."

நான் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.